கடவை என்னும் உரிமை

நுழையும்முன்

பேருந்தில் செல்பவரும் மகிழுந்தில் செல்பவரும் வாகனத்தை விட்டு இறங்கியவுடன் நடப்பவராகிவிடுகின்றனர். சாலையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் செல்ல வேண்டிய தேவை அனைவருக்கும் உண்டு. அத்தேவையை அச்சமின்றி நிறைவேற்றித் தருவது, பாதசாரிகள் கடக்கும் இடமாகும். அது எவ்வாறு தோன்றியது, எந்தக் கணக்கின் அடிப்படையில் அமைகிறது, அதனைக் கேட்டுப் பெறும் வழி யாது என்பனவற்றை இவ்வுரைநடைப் பகுதி விளக்குகிறது.

நடப்போர்க்கென இருந்த சாலை

தமிழ்நாட்டின் பழைய பெருவழிகளின் ஓரத்தில் சுமைதாங்கிக் கற்களை இன்றும் காணலாம். இரண்டு கற்களை நட்டு, அவற்றின்மேல் ஒரு கல்லைக் கிடத்திய எளிய அமைப்பு அது. தலைச்சுமையோடு தனியே நடந்து வருபவர், பிறர் கைகொடுக்காமலே சுமையை அதன்மேல் இறக்கி இளைப்பாறலாம். பின்னர்க் குனியாமல் மீண்டும் தலையில் ஏற்றிக்கொள்ளலாம். அதனால் நடப்பவரின் உயரமே அக்கல்லின் உயரத்தை முடிவு செய்தது. கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக இக்கற்களை நிறுத்தும் வழக்கமும் இருந்தது. சாவடி, சத்திரம், தண்ணீர்ப்பந்தல், சாலையோர நிழல்மரம் ஆகியனவும் இவ்வெண்ணத்தின் வழி வந்தவையே. சாலை நடப்பவருக்கு உரியது; ஆகவே, அவருடைய களைப்பும் தாகமும் சாலை அமைப்போரின் கவனத்துக்கு உரியன என்பதே அவ்வெண்ணம்.

சங்க இலக்கியத்துள் ஆற்றுப்படை என்னும் வகையே வழிகாட்டுதலை அடிப்படையாகக் கொண்டது. அவற்றுள் மலைபடுகடாம், கூத்தர்கள் செல்லவேண்டிய மலைவழியில் எதிர்ப்படக்கூடிய இடர்களை ஒவ்வொன்றாக எடுத்துரைத்து, அவற்றைக் கடக்கும் முறையையும் கூறுகிறது.

மோட்டார் வாகனங்களின் வருகை இந்நிலையை மாற்றியது. சாலைகள் அகலமாயின, வாகனங்களின் வேகம் கூடியது. நடப்பவர் சாலையின் விளிம்புக்கு ஒதுங்கினார். ஒதுங்கி நடப்பது ஓரளவு இயலும்; ஆனால், சாலையைக் குறுக்கே கடக்காமல் வாழ இயலாது. பள்ளி ஒரு பக்கமும் பேருந்து நிறுத்தம் மறுபக்கமும் இருக்கும். வீடு ஒரு பக்கமும் நியாயவிலைக் கடை மறுபக்கமும் இருக்கும். வாகனத்தின் வழியும் நடப்பவரின் வழியும் வெட்டிக்கொள்ளும் அந்த இடத்தில் ஓர் ஒழுங்கு தேவைப்பட்டது. அவ்வொழுங்கே கடவை. பேச்சுவழக்கில் ‘ஜீப்ரா கிராசிங்’ எனப்படும் இதனை இலங்கைத் தமிழர் ‘பாதசாரிக் கடவை’ என வழங்குகின்றனர்.

கோடுகளின் வரலாறு

உலகின் முதல் போக்குவரத்துச் சைகை விளக்கு மோட்டார் வாகனம் தோன்றுவதற்கு முன்பே நிறுவப்பட்டது. குதிரை வண்டிகள் நிறைந்த இலண்டன் நகரில், நாடாளுமன்றத்தின் அருகே 1868 டிசம்பரில் அது நடப்பட்டது. அதனை வடிவமைத்தவர் ஜான் பீக் நைட் என்னும் இருப்புப்பாதைப் பொறியாளர். பகலில் கைகாட்டியாலும் இரவில் எரிவாயுவால் எரியும் சிவப்பு, பச்சை விளக்குகளாலும் வண்டிகள் நிறுத்தப்பட்டன. மக்கள் அச்சமின்றிக் கடந்து செல்வதே அதன் நோக்கம். சில வாரங்களிலேயே எரிவாயுக் கசிவால் அது வெடித்தது. இயக்கிய காவலர் காயமுற்றார். அம்முயற்சி கைவிடப்பட்டது.

1896 ஆகஸ்டில், இலண்டனின் கிரிஸ்டல் பேலஸ் பகுதியில் பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்னும் பெண்மணி மோட்டார் வண்டி மோதி உயிரிழந்தார். பிரிட்டனில் மோட்டார் வண்டியால் உயிரிழந்த முதல் பாதசாரியாக அவர் அறியப்படுகிறார். இத்தகைய நிகழ்வு இனி ஒருபோதும் நிகழக்கூடாது என்று, அவ்வழக்கை விசாரித்த அலுவலர் கூறியதாகப் பதிவு உண்டு. அந்த விருப்பம் நிறைவேறவில்லை.

1934ஆம் ஆண்டு, பிரிட்டனின் போக்குவரத்து அமைச்சராக இருந்த லெஸ்லி ஹோர் பெலிஷா, சாலையைக் கடக்கும் இடங்களைக் குறிக்கக் கறுப்பு வெள்ளைக் கம்பங்களின் உச்சியில் ஆரஞ்சு நிற உருண்டைகளை நிறுவச் செய்தார். சாலைத்தளத்தில் உலோகக் குமிழ்கள் பதிக்கப்பட்டன. ஆனால், தொலைவிலிருந்து வரும் ஓட்டுநரின் கண்ணுக்கு அக்குமிழ்கள் எளிதில் புலப்படவில்லை. எனவே, 1949இல் ஏறத்தாழ ஆயிரம் இடங்களில் பட்டைக்கோடுகள் தீட்டிச் சோதிக்கப்பட்டன. கறுப்பும் வெள்ளையும் மாறிமாறி அமைந்த பட்டைகள் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1951 அக்டோபர் 31 அன்று சட்ட வடிவம் பெற்றன. வரிக்குதிரையின் உடற்கோடுகளை ஒத்திருந்தமையால் ‘ஜீப்ரா’ என்னும் பெயர் நிலைத்தது.

இவ்வரலாறு ஓர் உண்மையைத் தெளிவாக்குகிறது. அக்கோடுகள் நடப்பவருக்கு வழிகாட்டுவதற்காக மட்டும் தீட்டப்பட்டவை அல்ல. முதன்மையாக, வாகனம் ஓட்டுபவருக்கு அறிவுறுத்துவதற்காகத் தீட்டப்பட்டவை. ‘இங்கே வேகத்தைக் குறை, நடப்பவருக்கு வழிவிடு’ என்பதே அவற்றின் பொருள்.

எண்ணிக்கை உணர்த்துவது

உலக நல அமைப்பு 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் ஓராண்டில் ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் சாலை விபத்துகளில் உயிரிழக்கின்றனர். அவர்களுள் 23 விழுக்காட்டினர் பாதசாரிகள். 5 வயது முதல் 29 வயது வரை உள்ளோரின் இறப்புக்கு முதன்மைக் காரணமாகச் சாலை விபத்தே உள்ளது.

இந்தியாவில், நடுவண் அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட புள்ளிவிவரப்படி, 2022ஆம் ஆண்டில் 1,68,491 பேர் சாலை விபத்துகளில் உயிரிழந்தனர். அவர்களுள் 32,825 பேர் பாதசாரிகள். அதாவது, நாளொன்றுக்கு ஏறத்தாழ 90 பேர். அவ்வாண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது. இங்குப் பதிவானவை 64,105 விபத்துகள். பாதசாரிகளின் பாதுகாப்பைப் பற்றிய அக்கறை தமிழ்நாட்டில் மிகுதியாகத் தேவைப்படுவதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன.

நொடிகளும் மீட்டர்களும்

சாலையைக் கடப்பதில் அடங்கியுள்ள கணிதம் எளிமையானது. நடப்பவரின் வேகத்தை நொடிக்கு 1.2 மீட்டர் எனப் பொறியாளர்கள் பொதுவாகக் கொள்வர். நான்கு வழிச் சாலை ஒன்றின் அகலம் 14 மீட்டர் எனில், அதனைக் கடக்க ஏறத்தாழ 12 நொடி ஆகும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம், ஒரு நொடியில் ஏறத்தாழ 14 மீட்டர் ஓடுகிறது. எனவே, நடப்பவர் மறுபக்கம் சேர்வதற்குள் அவ்வாகனம் 160 மீட்டருக்கும் மேல் வந்துவிடும். அவ்வளவு நீளமான இடைவெளி இரு திசைகளிலும் ஒரே நேரத்தில் கிடைத்தால்தான் அவர் கடக்க முடியும். பரபரப்பான சாலையில் காலை எட்டரை மணிக்கு அத்தகைய இடைவெளி கிடைப்பது அரிது.

முதியவர், கைக்குழந்தையுடன் வரும் தாய், ஊன்றுகோல் கொண்டு நடப்பவர் ஆகியோரின் வேகம் இதனினும் குறைவு. நொடிக்கு 0.8 மீட்டர் நடப்பவருக்கு அதே சாலையைக் கடக்க 17 நொடிக்கு மேல் தேவை. சாலை ஒன்றே, ஆனால், அவருக்கு அது ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அகலமுடையதாகிறது.

வாகனத்தின் வேகத்தையும் இவ்வாறே கணக்கிட வேண்டும். எதிரே ஒருவர் நிற்பதைக் கண்ட ஓட்டுநர் தடையை மிதிப்பதற்கே ஏறத்தாழ ஒரு நொடி ஆகும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் மகிழுந்து, உலர்ந்த நல்ல சாலையில் அந்த ஒரு நொடியையும் சேர்த்து ஏறத்தாழ 13 மீட்டருக்குள் நின்றுவிடும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் மகிழுந்தோ, தடையை மிதிப்பதற்கு முன்பே 14 மீட்டரைக் கடந்திருக்கும். முதல் வாகனம் முற்றிலும் நின்றுவிட்ட இடத்தில், இரண்டாம் வாகனம் சற்றும் வேகம் குறையாமல் வந்து மோதும். மோதும் வேகம் மணிக்கு 50 கிலோமீட்டரிலிருந்து 65 கிலோமீட்டராகக் கூடினால், பாதசாரி உயிரிழக்கும் வாய்ப்பு நான்கரை மடங்காகிறது என உலக நல அமைப்பு கூறுகிறது. ஆகவே, பாதுகாப்பான கடவை என்பது வாகனங்களின் வேகத்தைக் குறைக்கும் கடவையே ஆகும்.

கடவையின் உறுப்புகள்

சாலையில் வெண்பட்டை தீட்டிவிட்டால் கடவை அமைந்துவிட்டது என்று கருதுவது தவறு. அமெரிக்காவின் கூட்டரசு நெடுஞ்சாலை நிர்வாகம் 2005இல் வெளியிட்ட ஆய்வு, வாகன நெரிசல் மிகுந்த பலவழிச் சாலைகளில் கோடுகளை மட்டும் தீட்டி, வேறு ஏற்பாடு எதுவும் செய்யாமல் விடுவதால் பாதசாரிகளுக்கு விபத்து கூடுவதாகக் காட்டியது. முதல் வழியில் வந்த பேருந்து, நடப்பவரைக் கண்டு நிற்கிறது. அதன் மறைவிலிருந்து அவர் வெளிப்படும்போது, அடுத்த வழியில் வரும் வாகனத்தின் ஓட்டுநர் அவரைக் காண்பதில்லை. கோட்டை நம்பிக் காலெடுத்து வைத்தவரை அக்கோடு காக்கவில்லை.

எனவே, நல்ல கடவை பல உறுப்புகளைக் கொண்டதாக அமைகிறது. கடவைக்குச் சில மீட்டர் முன்னதாகவே நிறுத்தக் கோடு இருத்தல் வேண்டும்; அப்போதுதான் பின்வரும் ஓட்டுநரின் பார்வை மறையாது. சாலையின் நடுவே திட்டு ஒன்று அமைந்தால், நடப்பவர் ஒரு திசையில் வரும் வாகனங்களை மட்டும் கவனித்து நடுத்திட்டை அடைந்து, அங்கே நின்று, பிறகு மறுபாதியைக் கடக்கலாம். முன்னர்க் கூறிய 14 மீட்டர்ச் சாலை, இவ்வகையில் இரண்டு ஏழு மீட்டர்ச் சாலைகளாகிறது; தேவைப்படும் இடைவெளியும் பாதியாகக் குறைகிறது.

கடவையையே நடைபாதையின் உயரத்திற்கு மேடாக அமைப்பது மற்றொரு முறை. வாகனம் ஏறி இறங்க வேண்டியிருப்பதால் வேகம் தானே குறைகிறது. கோடு ஓட்டுநரின் மனத்தை நம்புகிறது. மேடு அவரது வேகத்தையே கட்டுப்படுத்துகிறது. வாகனங்கள் மிகுந்த இடங்களில், நடப்பவர் பொத்தானை அழுத்தினால் சிவப்பு ஒளிரும் சைகை விளக்கு பொருத்தமானது. இவற்றுடன், இரவில் நடப்பவரைத் தெளிவாகக் காட்டும் விளக்கும், கடவையின் இருபுறமும் வாகனம் நிறுத்தத் தடையும், சக்கர நாற்காலி இறங்குவதற்கான சாய்தளமும், பார்வையற்றோர் காலால் உணரத்தக்க புடைப்பு ஓடுகளும் வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

நடைபாதைகளிலும் இரயில் நிலையங்களிலும் காணப்படும் மஞ்சள் நிறப் புடைப்பு ஓடுகளை உருவாக்கியவர், ஜப்பானைச் சேர்ந்த செயிச்சி மியாகே ஆவார். 1965இல் அவர் வடிவமைத்த இவ்வோடுகள், 1967 மார்ச்சில் ஒகயாமா நகரில் பார்வையற்றோர் பள்ளியின் அருகேயுள்ள சாலையில் முதன்முதலாகப் பதிக்கப்பட்டன. நீண்ட வரிகள் ‘செல்லலாம்’ என்பதையும், வட்டப் புடைப்புகள் ‘நின்று கவனிக்க’ என்பதையும் உணர்த்தும்.

மேம்பாலமா, சாலைத்தளமா?

கடவை கேட்கும் இடங்களில் நடைமேம்பாலமோ சுரங்கப்பாதையோ கட்டித்தரப்படுவது உண்டு. அவற்றுக்கும் உரிய இடம் இருக்கிறது. சென்னை தியாகராய நகரில், மாம்பலம் இரயில் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் இணைத்து 2023இல் திறக்கப்பட்ட ஆகாய நடைபாதை, ஏறத்தாழ 570 மீட்டர் நீளமுடையது. இரயிலிலிருந்து இறங்குவோர் பெருந்திரளாகச் செல்லும் திசையிலேயே அது அமைந்துள்ளது.

ஆனால், ஒரு தெருவின் மறுபக்கம் செல்வதற்கு மட்டும் மேம்பாலம் அமையும்போது நிலைமை வேறு. பெரிய வாகனங்கள் கீழே செல்வதற்காகப் பாலத்தின் அடிப்பகுதி ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். அவ்வுயரத்தை அடைய நாற்பது படிகள் ஏறி, மீண்டும் நாற்பது படிகள் இறங்க வேண்டும். மின்தூக்கியோ நகரும் படியோ இல்லாவிடில், முழங்கால் வலியுள்ள முதியவர் அதனைப் பயன்படுத்த மாட்டார். சக்கர நாற்காலியில் வருபவர் பயன்படுத்தவே முடியாது. அவர்கள் கீழேயே கடக்கின்றனர். பின்னர், ‘பாலம் இருந்தும் பயன்படுத்தவில்லை’ என்ற பழியும் அவர்கள்மீது விழுகிறது. சாலைத்தளத்திலேயே கடக்கும் வழியை முதலில் ஆராய்ந்து, அது இயலாத இடத்தில் மட்டும் மேம்பாலத்தைக் கருதுவதே முறையாகும்.

கேட்டுப் பெறும் வழி

ஓர் அரசுப் பள்ளியின் எதிரே பரபரப்பான சாலை செல்கிறது எனக் கொள்ளலாம். அங்குக் கடவை வேண்டுவோர் முதலில் அறிய வேண்டியது, அச்சாலை யாருடைய பொறுப்பில் உள்ளது என்பதாகும். தேசிய நெடுஞ்சாலை, மாநில நெடுஞ்சாலைத் துறையின் சாலை, மாநகராட்சி அல்லது நகராட்சிச் சாலை, ஊராட்சிச் சாலை எனப் பொறுப்பு வேறுபடும். பொறுப்பில்லாத அலுவலகத்தில் கொடுக்கப்படும் மனு, மேசைக்கு மேசை நகர்ந்தே காலத்தைக் கழிக்கும்.

அடுத்தது, சான்று திரட்டல். ‘இங்கே மிகவும் ஆபத்து’ என்னும் சொல்லைவிட, ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் கடந்தனர், எத்தனை வாகனங்கள் சென்றன என்னும் கணக்கு வலிமை உடையது. பள்ளி நாள் ஒன்றிலும் சந்தை நாள் ஒன்றிலும், காலையும் மாலையும், பதினைந்து நிமிடப் பகுதிகளாகப் பிரித்து எண்ண வேண்டும். எண்ணுவோர் சுற்றுச்சுவரின் உள்ளேயோ நடைபாதையிலோ நிற்றல் வேண்டும். சிறுவர், முதியவர், மாற்றுத்திறனாளி எனக் கடப்போரைப் பகுத்தும் குறிக்கலாம். கடக்கும்முன் ஒருவர் எத்தனை நொடி காத்து நின்றார் என்பதையும் குறித்தால், மனு மேலும் தெளிவு பெறும்.

இத்தகைய எண்ணிக்கையைப் பொறியாளர்களும் பயன்படுத்துகின்றனர். 1934இல் தொடங்கப்பட்ட இந்தியச் சாலைப் பேராயம், நடப்போர் வசதிகளுக்கான நெறிமுறைகளை 1988இல் வெளியிட்டு, பின்னர்த் திருத்தியும் வந்துள்ளது. அவ்வகையில் கையாளப்பட்ட அளவுகோல்களுள் ஒன்று, உச்ச நேரத்தில் ஒரு மணிக்குக் கடப்போர் எண்ணிக்கையை, ஒரு மணிக்குச் செல்லும் வாகன எண்ணிக்கையின் இருமடியால் பெருக்குவதாகும். நடுத்தடுப்பு இல்லாத சாலையில் அப்பெருக்குத்தொகை பத்துக் கோடியைத் தாண்டினால், சைகை விளக்குப் போன்ற கட்டுப்பாட்டுடன் கூடிய கடவைக்கு அவ்விடம் தகுதியுடையது. சான்றாக, மணிக்கு ஆயிரம் வாகனங்கள் செல்லும் சாலையை நூறு பேர் கடந்தால் அவ்வெல்லை எட்டப்படுகிறது. வாகனம் இருமடங்கானால், இருபத்தைந்து பேரே போதும்.

மூன்றாவது, மனு. இடத்தின் பெயர், எளிய வரைபடம், ஒளிப்படங்கள், எண்ணிக்கை அட்டவணை, நிகழ்ந்த விபத்துகள் பற்றிய செய்தி, வேண்டுகோள் ஆகியன அதில் சுருக்கமாக இடம்பெற வேண்டும். ‘மேடு வேண்டும், விளக்கு வேண்டும்’ என்று முடிவை மட்டும் கூறாமல், நெடுஞ்சாலைத் துறை, காவல்துறை, உள்ளாட்சி ஆகிய மூன்றும் கூட்டாக இடத்தைப் பார்வையிட வேண்டும் என்று கேட்பது பயன் தரும். பள்ளி மேலாண்மைக் குழு, பெற்றோர், கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர் ஆகியோரும் கையொப்பமிட்டால் அது ஊரின் குரலாகிறது.

மனுவைக் கொடுக்க வழிகள் பல உள்ளன. ஊராட்சியாயின் கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றலாம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைகளில் நடைபெறும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் அளிக்கலாம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 215ஆம் பிரிவு, மாவட்டந்தோறும் சாலைப் பாதுகாப்புக் குழு அமைக்க வழிசெய்கிறது. மனு அக்குழுவின் பார்வைக்குச் செல்லுமாறு வேண்டலாம். பெறப்பட்டதற்கான ஒப்புகையைப் பத்திரப்படுத்த வேண்டும். நெடுநாள் விடை வராவிடில், மனுவின் நிலையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் வழிக் கேட்கலாம். பொதுவாக முப்பது நாளுக்குள் விடையளிக்க அச்சட்டம் பணிக்கிறது.

கணக்கில் வராதவர்கள்

எண்ணிக்கை இன்றியமையாதது, எனினும், அதற்கும் ஓர் எல்லை உண்டு. ஓரிடத்தில் கடந்தவர்களை மட்டுமே எண்ண முடியும். கடக்க அஞ்சி நின்றவர்களை எண்ண முடியாது. சாலை அகலமான பின்னர்க் கோவிலுக்குச் செல்வதை நிறுத்திய மூதாட்டியும், எதிர்ப்புறப் பூங்காவிற்கு அனுப்பப்படாத சிறுவனும், அரை கிலோமீட்டர் சுற்றிவரும் சக்கர நாற்காலிக்காரரும் அவ்வட்டவணையில் இடம்பெறுவதில்லை. சாலை எவ்வளவு ஆபத்தானதோ, கடப்போர் எண்ணிக்கை அவ்வளவு குறைகிறது. எண்ணிக்கை குறைவதனால் கடவை தேவையில்லை என்னும் முடிவு பிறக்கிறது. இது தன்னையே சுற்றும் வாதமாகும்.

அதனால் மனு எழுதுவோர், கடந்தவர்களை எண்ணுவதோடு நில்லாமல், அருகிலுள்ள தெருக்களில் வாழ்வோரிடம், ‘கடவை இருந்தால் எங்கே செல்வீர்கள்?’ என்றும் கேட்க வேண்டும். அவர்கள் கூறும் விடைகளும் சான்றுகளே.

‘கடவை அமைத்தால் வாகனங்கள் தேங்கும்’ என்னும் மறுப்பும் எழக்கூடும். அதில் ஓரளவு உண்மை உண்டு. சிவப்பு விளக்கு இருபது நொடி எரிந்தால், ஓட்டுநர் இருபது நொடி காத்திருக்கத்தான் வேண்டும். ஆனால், கடவை இல்லாத இடத்திலும் காத்திருப்பு இருக்கிறது. அதனை நடப்பவர் மட்டுமே, வெயிலிலும் மழையிலும் நின்று, முழுவதுமாகச் சுமக்கிறார். நெடுநேரம் காத்தவர் பொறுமை இழந்து குறுகிய இடைவெளியில் ஓடத் துணிகிறார். கடவை புதிதாக ஒரு காத்திருப்பை உண்டாக்குவதில்லை. இருக்கும் காத்திருப்பை இருவருக்கும் பங்கிட்டுத் தருகிறது.

உரிமையின் குரல்

மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், 2017, பாதசாரிகள் கடக்கும் இடத்தை நெருங்கும் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து, தேவையெனில் நின்று, வழிவிட வேண்டும் எனக் கூறுகின்றன. ஓட்டுநரின் கடமை நடப்பவரின் உரிமையாகிறது.

சாலைப் பாதுகாப்பை உச்ச நீதிமன்றத்தின் கவனத்திற்குக் கொண்டுசென்றவர்களுள் கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பியல் அறுவை மருத்துவர் எஸ். இராஜசேகரன் குறிப்பிடத்தக்கவர். அவர் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில், நீதியரசர் கே. எஸ். இராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு ஒன்றை உச்ச நீதிமன்றம் 2014இல் அமைத்தது. அதே வழக்கின் தொடர்ச்சியாக 2025 மே மாதம், பாதசாரிகள் தடையின்றி நடைபாதையைப் பயன்படுத்துவது, அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு உறுதியளிக்கும் வாழ்வுரிமையின் பகுதி என்று நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அந்நடைபாதைகள் மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தத்தக்கனவாக இருத்தல் வேண்டும் என்பதையும் அது வலியுறுத்தியது. சென்னை மாநகராட்சி, 2014இல் மோட்டார் அல்லாப் போக்குவரத்துக்கான கொள்கையை ஏற்று, நடப்போருக்கும் மிதிவண்டியில் செல்வோருக்கும் முன்னுரிமை அளிக்க முன்வந்தது.

மக்கள் ஒன்றுசேர்ந்து கேட்டால் ஒரு நாட்டின் சாலைகளே மாறும் என்பதற்கு நெதர்லாந்து சான்றாகும். அங்கு 1971இல் மூவாயிரத்திற்கும் மேற்பட்டோர் சாலைகளில் உயிரிழந்தனர். அவர்களுள் நானூறுக்கும் மேற்பட்டோர் சிறுவர். மகளை இழந்த இதழாளர் ஒருவர், ‘சிறுவர் கொலையை நிறுத்துங்கள்’ என்னும் தலைப்பில் எழுதிய கட்டுரை, அதே பெயரில் ஓர் இயக்கம் தோன்றக் காரணமாயிற்று. பெற்றோரும் சிறுவரும் தெருக்களில் அமர்ந்து, பாதுகாப்பான சாலையைக் கேட்டனர். அடுத்துவந்த பல பத்தாண்டுகளில் குடியிருப்புத் தெருக்களின் வேகம் குறைக்கப்பட்டது. நடைபாதைகளும் மிதிவண்டித் தடங்களும் பெருகின. 2023இல் அந்நாட்டில் சாலை விபத்தில் உயிரிழந்தோர் எழுநூறுக்கும் குறைவு.

அமைந்த பின்னர்

கடவை அமைந்தவுடன் பணி முடிந்துவிடுவதில்லை. வாகனச் சக்கரங்கள் தேய்த்துத் தேய்த்து வெண்பட்டைகள் மங்கும். மரக்கிளை வளர்ந்து அறிவிப்புப் பலகையை மறைக்கும். சாலைக்குப் புதிய தார் இடும்போது கோடுகளும் மேடும் மறைந்துபோகும். முன்னர் எண்ணியவர்கள், ஆறு திங்கள் கழித்து அதே இடத்தில் அதே நேரத்தில் மீண்டும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். வாகனங்கள் நிற்கின்றனவா, காத்திருக்கும் நேரம் குறைந்துள்ளதா என்பவற்றுடன், முன்பு அட்டவணையில் இல்லாத முதியவர்களும் சிறுவர்களும் இப்போது இடம்பெறுகின்றனரா என்பதையும் காண வேண்டும்.

சுமைதாங்கிக் கல்லை நட்டவர், சுமையுடன் வருபவரின் உயரத்தை அறிந்து அதனை அமைத்தார். கடவையை அமைப்பவர் அறிய வேண்டுவது, கடப்போருள் மிக மெதுவாக நடப்பவரின் வேகத்தை. அவருக்குப் பதினேழு நொடி தேவையெனில், பச்சை விளக்கு பதினேழு நொடியேனும் எரிதல் வேண்டும். அவர் பாதுகாப்பாகக் கடக்கும் சாலையை மற்ற அனைவரும் பாதுகாப்பாகக் கடப்பர்.

கற்பவை கற்றபின்

1. பள்ளியின் எதிரேயுள்ள சாலையைக் கடப்போர், செல்லும் வாகனங்கள் ஆகியவற்றின் எண்ணிக்கையை ஆசிரியரின் துணையுடன் ஒரு மணி நேரம் குறித்து அட்டவணைப்படுத்துக.

2. அவ்வட்டவணையைச் சான்றாகக் கொண்டு, பாதுகாப்பான கடவை அமைத்துத் தருமாறு உரிய அலுவலருக்கு விண்ணப்பம் எழுதுக.

3. ‘சாலையில் முதல் உரிமை யாருக்கு?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.